எருக்கு யாருக்கு மருந்து?

தில்லிக்குப் படிக்க வரும் தமிழ் மாணவர்கள் முதல் மாதத்தில் தேடி அலைவன சில உண்டு. புழுங்கலரிசிச் சோறு போடும் உணவு விடுதி, நல்ல காப்பிப்பொடி விற்கும் கடை, தீபாவளிக்கு ஊர் செல்ல ரயிலில் ஓர் இடம். தேடாமலே எதிர்ப்படுவது ஒன்றே ஒன்று; அது எருக்கு. ரயில் பாதையின் இரு மருங்கிலும், யமுனைக் கரை மணலிலும், பாதி கட்டி நின்றுபோன சுவர்களின் அடியிலும், பல்கலைக்கழகத்தை ஒட்டிய வடக்கு ரிட்ஜ் காட்டின் விளிம்பிலும் சாம்பல் பூசியது போன்ற இலைகளோடு அது நிற்கக் காணலாம். மே மாத வெயிலில் மற்றச் செடிகள் கருகிக் கிடக்கும்போதும் அதன் பசுமை குன்றுவதில்லை. என் விடுதி நண்பர் ஒருவர், மதுரைக்காரர், முதன்முதலாக அதைக் கண்டதும், "அட, நம்ம ஊர் எருக்கு!" என்று தெருவென்றும் பாராமல் கூவிவிட்டார்.

நண்பர் பொறுத்தருள வேண்டும். அது நம் ஊர் எருக்கு அன்று; அதன் பெரியப்பா மகன் என்று சொல்லலாம். தமிழ்நாட்டில் நாம் மிகுதியாகக் காணும் எருக்கைத் தாவர நூலார் கலோட்ராபிஸ் ஜைகான்டியா என்பர். அதன் பூவிதழ்கள் வெளிநோக்கி விரிந்து பின்புறம் மடங்கியிருக்கும். இளஞ்சிவப்புக் கலந்த ஊதா நிறம். அதிலேயே வெண்ணிறப் பூப் பூப்பதுதான் நாம் போற்றும் வெள்ளெருக்கு. வடக்கே மிகுதியாக உள்ளது கலோட்ராபிஸ் புரோசெரா. இதன் பூ சற்றுச் சிறியது; வெண்மையான இதழ்கள் மடங்காமல் மேல்நோக்கி நிற்கும்; நுனியில் மட்டும் மைக்கூட்டில் தோய்த்து எடுத்தாற்போலக் கருஊதா. காயும் ஊதிய பை போல உருண்டையானது; நம் ஊர் எருக்கங்காயோ சற்று நீண்டு வளைந்தது. தென்னெருக்கு இந்தியாவிலிருந்து கிழக்கே தென்கிழக்காசியா வரை பரவியிருக்கிறது. வடவெருக்கோ மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அரபு நாடுகள் வழியே வடமேற்கு இந்தியாவரை வறண்ட நிலங்களில் வாழ்வது. இங்குள்ளவர்கள் இதை 'ஆக்' என்றும் 'மதார்' என்றும் வழங்குகிறார்கள்.

பூச்சிகளுக்கும் செடிகளுக்கும் உள்ள உறவைப் பற்றி நான் படித்து வருகிறேன் என்று கேள்விப்பட்டவர்கள் எருக்கைக் காட்டி என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "இது எதற்கு மருந்து?" நல்ல கேள்வி. ஆனால் செடி ஒன்றைக் கண்டதும் அது நமக்காகவே பிறந்தது என்று எண்ணுவது நம் வழக்கமாகிவிட்டது. எருக்கம் பால் என்னும் அந்த வெண்மையான திரவத்தை எருக்கு யாரை எண்ணிச் செய்தது என்று கேட்டுப் பார்த்தால், மருந்து பற்றிய கேள்விக்கும் தெளிவான விடை கிடைக்கும் என்பது என் கருத்து.

முதலில் மருந்தையே பார்ப்போம். எருக்கிலையை வதக்கி வீக்கத்தின்மேல் கட்டுவதை நம் பாட்டிமார் அறிவர். முள் தைத்து ஒடிந்த இடத்தில் ஒரு துளி பால் வைப்பார்கள். சித்த மருத்துவத்திலும் ஆயுர்வேதத்திலும் வேர்ப்பட்டை, இலை, பூ, பால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பயன் கூறப்பட்டுள்ளது. ஆயினும் நச்சுப் பொருள் என்ற வரிசையில் வைத்தே, சுத்தி முறைகளோடு கூறப்பட்டுள்ளது. ஆங்கிலேயர் ஆட்சியில் 1868-இல் வெளியான இந்திய மருந்து நூலிலும் 'முடர்' என்ற பெயரில் இதன் வேர்ப்பட்டை இடம்பெற்றது. தென்னமெரிக்காவிலிருந்து வரும் இபெகாகுவானா வேருக்குப் பதிலாகச் சீதபேதிக்கு இதைப் பயன்படுத்திப் பார்த்தனர். நம் காலத்திலும் ஆய்வு நிற்கவில்லை. தில்லியிலுள்ள அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் வடவெருக்கின் பாலைப் பற்றிப் பல ஆண்டுகள் ஆராய்ந்திருக்கிறார்கள். அதில் ஒரு வேடிக்கை: உலர்த்திய பாலை எலியின் பாதத்தில் ஊசி வழியாகச் செலுத்தினால் வீக்கம் உண்டாகிறது, அதே பாலை வாய்வழி கொடுத்தால் வீக்கம் அடங்குகிறது.

இந்த இரட்டைக் குணத்துக்குக் காரணம் என்ன? பால் ஒரு தனிப் பொருள் அன்று. ரப்பர் போன்று உறையும் பொருளும், புரதத்தைச் செரிக்கும் நொதிகளும், கலோட்ராபின், கலாக்டின், உஸ்காரின் முதலிய நச்சுகளும் அதில் கலந்துள்ளன. கடைசியாகச் சொன்ன கூட்டத்துக்குக் கார்டினோலைடு என்று பெயர். 'கார்டியா' என்றால் இதயம். இவை இதயத்தைத் தாக்குபவை.

தாக்கும் விதத்தைச் சற்று விரிவாகவே கூற விரும்புகிறேன். ரசாயனம் என்றதும் பக்கத்தைப் புரட்டும் இலக்கிய மாணவர்களும் இதை மட்டும் பொறுமையோடு படிக்க வேண்டும். நம் உடலின் உயிரணு ஒவ்வொன்றின் சுவரிலும் சின்னஞ்சிறு இறைப்புப் பொறிகள் உண்டு. ஒவ்வொரு சுற்றிலும் மூன்று ஸோடியம் அயனிகளை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாஸியம் அயனிகளை உள்ளே எடுத்துக்கொள்வது அவற்றின் வேலை. உப்பு நீர் புகுந்த ஓடத்தில் ஓயாமல் நீர் இறைப்பவனைப் போல இது. நரம்பில் செய்தி ஓடுவதும், தசை சுருங்குவதும், இதயம் துடிப்பதும் இந்த இறைப்பை நம்பியே நடக்கின்றன. 1957-இல் டென்மார்க்கைச் சேர்ந்த யென்ஸ் ஸ்கூ நண்டின் நரம்பில் இப்பொறியைக் கண்டறிந்தார். நாற்பது ஆண்டுகள் கழித்து, 1997-இல், அதற்காக ரசாயன நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது. எருக்கின் கார்டினோலைடு இப்பொறியின் வாயில் போய் ஆப்பு வைத்தாற்போல் அமர்ந்துகொள்கிறது. பொறிகளில் சில மட்டும் நின்றால் இதயத் தசையில் கால்சியம் சற்றுக் கூடித் துடிப்பு வலுப்பெறும். பல நின்றால் துடிப்பு தாளம் தப்பும். பிறகு நின்றே போகும்.

முதல் நிலை மருந்து, இரண்டாம் நிலை மரணம். இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் மிகக் குறுகியது. இதே வகைப் பொருளைத்தான் இங்கிலாந்தில் வில்லியம் விதரிங் என்ற மருத்துவர் டிஜிட்டாலிஸ் செடியிலிருந்து இதய நோய்க்குக் கொடுத்து, 1785-இல் நூலாக எழுதினார். அதிலிருந்து வந்த டிஜாக்ஸின் இன்றும் மருத்துவர் கையில் இருக்கிறது. ஆனால் நுண்ணிய அளவோடும் இரத்தப் பரிசோதனையோடும். செடிக்குச் செடி, இலைக்கு இலை, பருவத்துக்குப் பருவம் நஞ்சின் அளவு மாறும் எருக்கில் அந்தக் கணக்கை வீட்டுச் சங்கு கொண்டு அளக்க முடியாது. இதைத் தமிழர்களாகிய நமக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 1980-களில் உசிலம்பட்டிப் பகுதியில் பெண் குழந்தைகளைப் பிறந்தவுடன் கொன்ற செய்திகள் வெளிவந்தபோது, அவற்றில் எருக்கம் பாலின் பெயரும் இருந்தது. மருந்துச் செடிகளின் பெருமையைப் பேசும் மேடைகளில் இதையும் ஒரு வரி சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கண்ணைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. எருக்கம் பால் கண்ணில் பட்டால் சில வேளைகளில் வலியே இராது. வலி இல்லையே என்று முகத்தைக் கழுவிவிட்டு இருந்துவிடுவார்கள். சிறிது நேரத்தில் பார்வை புகை மூட்டம் போல் மங்கும். கருவிழியின் உட்புற அடுக்கை அது கெடுத்துவிடுகிறது என்று இந்தியக் கண் மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். உடனே மிகுதியான தண்ணீரில் கழுவிவிட்டு மருத்துவரிடம் செல்வதே வழி. மகாபாரதத்தின் ஆதி பருவத்தில் உபமன்யு என்ற மாணவன் கதை வருகிறது. குரு ஒவ்வோர் உணவாகத் தடுத்துவிட, பசி பொறுக்காமல் எருக்கிலையைத் தின்று, கண்ணிழந்து, கிணற்றில் விழுந்தான் அவன். விடுதிச் சாப்பாட்டைக் குறை கூறும் நம்மவர்கள் அவனை நினைத்து ஆறுதல் கொள்ளலாம். கதை கட்டியவர்களுக்கு எருக்கும் கண்ணும் பற்றிய அறிவு இருந்திருக்கிறது என்பதே எனக்கு வியப்பு.

இனி, செடியின் பக்கம் நின்று பார்ப்போம். இவ்வளவு நஞ்சைச் சுமக்கும் எருக்கு ஏன் தானே சாகவில்லை? விடை எளிது. விலங்குகளுக்கு உள்ள அந்த ஸோடியம் பொறி செடிகளில் இல்லை. அவை ஹைட்ரஜன் அயனியை இறைக்கும் வேறு பொறியால் வேலையை நடத்திக்கொள்கின்றன. ஆகவே, ஆப்பு நுழைய அங்குத் துளையே இல்லை. தன்னிடம் இல்லாத உறுப்பைத் தாக்கும் ஆயுதத்தை எருக்கு ஏந்தியிருக்கிறது; அதாவது, தன்னைத் தின்ன வரும் பிராணிகளுக்கென்றே அமைந்த ஆயுதம். ஆடும் மாடும் எல்லாப் புல்லையும் மேய்ந்து தீர்த்த நிலத்தில் எருக்கு மட்டும் நிமிர்ந்து நிற்பது இதனால்தான். எருக்கு மண்டிய தரிசைக் கண்டால், அங்கு மேய்ச்சல் மிஞ்சிவிட்டது என்று அனுபவசாலிகள் ஊகித்துவிடுவர்.

ஆனால் கோட்டை எவ்வளவு வலிதாயினும் உள்ளே நுழையக் கற்றவர்கள் சிலர் உண்டு. மார்ச்சு மாதத்தில் ஒரு நாள் காலை, வகுப்புக்கு அரை மணி முன்னதாகப் புறப்பட்டு, ரிட்ஜ் ஓரத்து எருக்கு ஒன்றின் இலையைப் புரட்டிப் பாருங்கள். மஞ்சள் உடலும் கரிய கால்களும் உடைய அசுவினிகள் குருத்தில் அடை அடையாய் அப்பியிருக்கும். இவை ஆண் துணையின்றியே குட்டி ஈனும் பெண்கள். அவற்றைத் தின்னச் செம்புள்ளி வண்டுகளும், அவை கழிக்கும் இனிப்பு நீரை நக்க எறும்புகளும் வந்திருக்கும். மஞ்சளும் நீலமுமாகக் கோலம் போட்டாற்போன்ற பெரிய வெட்டுக்கிளி ஒன்று பறக்க அவசரப்படாமல் மெதுவாக இலையைக் கொறிக்கும். அதன் குஞ்சைத் தொட்டால் உடலிலிருந்து ஒரு திரவத்தைப் பீய்ச்சும். இந்தியில் இதற்கு 'ஆக் கா டிட்டா' என்றே பெயர். எருக்கு வெட்டுக்கிளி என்பது பொருள்.

இவர்களுள் என் மனத்தைக் கவர்ந்தது வெந்தய வரியன் என்னும் வண்ணத்துப்பூச்சி. ஆரஞ்சு நிறச் சிறகு. முன்சிறகின் நுனி கறுத்து, அதில் வெண்பட்டை. நம் ஊரிலும் இங்கும் சாதாரணமாகக் காண்பதுதான். தாய்ப்பூச்சி இலைக்கு ஒன்றாக முட்டையிட்டுச் செல்லும். கருப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டைகளோடு, முதுகில் மூன்று இணைக் கரிய கொம்புகளோடு புழு வளரும். எருக்கு இனங்களை உண்ணும் பூச்சிகள் பலவற்றிடம் ஒரு தந்திரம் உண்டு: முதலில் இலையின் நரம்பைக் கடித்துவிடும், அழுத்தத்தோடு ஓடிவரும் பால் அங்கேயே வடிந்துபோகும், பிறகு அதற்கு அப்பாலுள்ள பகுதியை நிம்மதியாகத் தின்னும். தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு அடுத்த பக்கம் வேலை பார்க்கும் கொத்தனாரின் முறை.

பாலை வடித்தாலும் இலையில் நஞ்சு எஞ்சியிருக்குமே, அதற்கு என்ன செய்வது? இங்குதான் விஞ்ஞானிகளை மலைக்கச் செய்த செய்தி இருக்கிறது. வெந்தய வரியனின் அமெரிக்க உறவினம் மோனார்க் என்பது. அதன் ஸோடியம் பொறியை ஆராய்ந்தபோது, 122-ஆம் இடத்தில் மற்றப் பூச்சிகளிடம் உள்ள அஸ்பராஜின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதிலாக ஹிஸ்டிடின் இருக்கக் கண்டனர். ஆப்புக்கு ஏற்ற துளையின் வடிவம் மாறிவிட்டது. நஞ்சு சரியாகப் பொருந்துவதில்லை. 2012-இல் வெளிவந்த ஆய்வுகள் இன்னும் ஒரு படி சென்றன. வண்டு, நாவாய்ப் பூச்சி, ஈ, வண்ணத்துப்பூச்சி என்று ஒன்றுக்கொன்று நெருங்கிய உறவில்லாத பல கூட்டங்கள் இதே நஞ்சை எதிர்க்கப் பெரும்பாலும் இதே சில இடங்களையே மாற்றிக்கொண்டுள்ளன. வெவ்வேறு ஊரில் வெவ்வேறு திருடர்கள் ஒரே சாவியைச் செய்திருக்கிறார்கள்! 2019-இல், அந்த மாற்றங்களை ஆய்வுக்கூடத்துப் பழ ஈயின் மரபணுவில் வரிசையாகப் புகுத்தி, கார்டினோலைடுகளைத் தாங்கும் ஈக்களை உண்டாக்கிக் காட்டினர்.

நஞ்சைத் தாங்கியவை அதைச் சேமிக்கவும் கற்றன. மோனார்க்கைத் தின்ற ப்ளூ ஜே என்ற பறவை வாந்தியெடுத்துவிட்டு, மறுமுறை அந்த நிறத்தைக் கண்டாலே விலகியதை 1960-களில் லிங்கன் பிரௌவர் சோதனைகளில் காட்டினார். வெந்தய வரியனும் இப்படியே எருக்கின் நஞ்சை உடலில் வைத்துக்கொள்கிறது. எல்லாப் பூச்சியிலும் ஒரே அளவில் இல்லை, சிலவற்றில் மிகக் குறைவு. ஆயினும் பெயர் பரவிவிட்டது; பறவைகள் பொதுவாக இதை விட்டுவிடுகின்றன. இந்தப் பெயரைப் பயன்படுத்திப் பிழைப்பவளும் ஒருத்தி உண்டு. ஹைபோலிம்னாஸ் மிஸிப்பஸ் என்ற வேறோர் இனத்தின் பெண்பூச்சி வெந்தய வரியனைப் போலவே ஆரஞ்சுச் சேலை உடுத்தி வருகிறாள். அவள் புழுப்பருவத்தில் தின்றதோ பருப்புக்கீரை போன்ற குற்றமற்ற செடிகள்; உடலில் நஞ்சு கிடையாது. அவளுடைய கணவனோ கறுப்புச் சிறகில் வெண்வட்டங்களோடு தன் இயல்பான உடையிலேயே திரிகிறான். இந்தப் போலித் தோற்றத்தை அமேசான் காட்டுப் பூச்சிகளைக் கொண்டு 1862-இல் ஹென்றி பேட்ஸ் விளக்கினார். ஆக, எருக்கின் பால் எருக்கையே தொட்டறியாத ஒரு பூச்சியின் உயிரையும் காக்கிறது. மருந்து யாருக்கு என்ற கேள்விக்கு இதுவும் ஒரு விடையன்றோ!

எல்லோரையும் விரட்டும் செடிக்குக் கல்யாணம் செய்துவைக்க மட்டும் பிறர் உதவி வேண்டும். எருக்கம் பூவின் நடுவே உள்ள கிரீடத்தைக் கோயில் வாசலில் மாலை கட்டும்போது பார்த்திருப்பீர்கள். இப்பூவில் மகரந்தம் தூளாகச் சிந்துவதில்லை. இரண்டு பொட்டலங்களாகக் கட்டி, நடுவில் ஒரு கொக்கியால் இணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. தேனருந்த வரும் கரிய துளை வண்டு — மரத்தைக் குடைந்து கூடு கட்டும் அந்த ரீங்காரக்காரர் — பூவில் காலூன்றும்போது கால் ஒரு வெடிப்பில் வழுக்கும். காலை இழுக்கும்போது கொக்கியும் பொட்டலமும் உடன் வந்துவிடும். அடுத்த பூவில் அதேபோல் வழுக்கினால் பொட்டலம் வெடிப்புக்குள் செருகிக்கொள்ளும். வலிமையற்ற சிறு பூச்சிகளால் இந்த இழுப்பு ஆகாது. வண்டு போன்ற பலசாலிகளே வேண்டும். இந்த விந்தையை ஆர்க்கிட் பூக்களோடு சேர்த்து ஆராய்ந்தவர் ராபர்ட் பிரௌன்; கலோட்ராபிஸ் என்று பெயரிட்டவரும் அவரே. அந்த ஆராய்ச்சியை 1831-இல் படித்தபோதுதான் உயிரணுவின் நடுவே உள்ள உட்கருவுக்கு 'நியூக்ளியஸ்' என்று பெயர் வைத்தார். பௌதிக மாணவர்கள் 'பிரௌனியன் இயக்கம்' என்று படிப்பதும் இவர் பெயரையே.

காய் வெடித்தால் பட்டுப் போன்ற பஞ்சோடு விதைகள் காற்றில் புறப்படும். சிறு வயதில் நாம் ஊதி விளையாடிய அதே பஞ்சு. ஆனால் எல்லா விதையும் புறப்படுவதில்லை. எருக்கங்காயில் முட்டையிடும் ஓர் ஈயும், விதையைத் தின்னும் ஒரு கூன்வண்டும் நம் நாட்டில் உண்டு. இவை செய்யும் சேதத்தின் அருமை ஆஸ்திரேலியாவில் தெரியும். வடவெருக்கு அந்நாட்டின் வடபகுதிக்குக் கொண்டுபோகப்பட்டு, மேய்ச்சல் நிலங்களில் பெருங்களையாகப் பரவிவிட்டது. இந்த ஈயையும் கூன்வண்டையும் அங்கே கொண்டு சென்று விடலாமா என்று ஆராய்ச்சி நடந்திருக்கிறது. ஊரில் அதைத் தின்பவர்கள் சூழ இருந்தவரை எருக்கு அடக்கமாக இருந்தது. தின்பவர்களை விட்டுப் பிரிந்த இடத்தில் கொடுங்களையாகிவிட்டது. நம் ஊர்க் கண்மாய்களை அடைத்து நிற்கும் சீமைக்கருவேலின் கதையும் இதுவே. அதை ரிட்ஜிலும் நாள்தோறும் பார்க்கிறோம். அதே ரிட்ஜில், சீமைக்கருவேலும் எருக்கும் ஒன்றே என்று கருதி இரண்டையும் 'களை' என்ற ஒரே சொல்லால் வெட்டச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஒன்று விருந்தாளியாக வந்து வீட்டைப் பிடித்தது. மற்றொன்று வீட்டுக்காரன், அவனை நம்பி ஒரு குடும்பமே இருக்கிறது.

நம் முன்னோர் எருக்கை ஒதுக்கவில்லை. மடலேறும் தலைவன் சூடுவதாகச் சங்கப் பாடல் கூறுவது எருக்கம் பூவையே. எளியவர் கொணரும் எருக்கையும் கடவுளர் வேண்டாமென்று தள்ளுவதில்லை என்ற கருத்தைக் கபிலர் பாரியைப் பாடும் புறநானூற்றுப் பாட்டில் காணலாம். நாம் பிள்ளையாருக்குச் சூட்டுகிறோம். இங்கே அனுமனுக்கும் சிவனுக்கும் சூட்டுகிறார்கள். சென்ற மழைக்காலம் முடிந்ததும் விடுதியின் பின்புறத்தைத் துப்புரவு செய்ய வந்த வயது முதிர்ந்த தோட்டக்காரர், முட்செடிகளை எல்லாம் வெட்டிக்கொண்டே வந்து, மதிலோரத்து எருக்கின் அருகில் அரிவாளைத் தாழ்த்திவிட்டார். பூச்சிகளைப் பற்றிச் சொல்லித் தடுக்கலாம் என்று இந்திச் சொற்களைத் தேடிக்கொண்டு நான் ஓடினேன். எனக்கு வேலை வைக்காமல் அவரே சொன்னார்: "இதை எப்படி வெட்டுவது, பேட்டா? செவ்வாய்க்கிழமை பஜ்ரங்பலிக்கு மாலை வேண்டாமா?"

அந்தச் செடி இப்போதும் நிற்கிறது. உணவுக் கூடத்தின் பின்வாசல் வழியே சென்றால் இடப்பக்கம் மூன்றாவது தூணருகில். வெந்தய வரியனின் முட்டையைத் தேடுவோர் குருத்திலைகளைப் பார்க்கவும். குண்டூசித் தலையளவே இருக்கும். காம்பை ஒடிக்க வேண்டா. கையில் பால் பட்டால், கண்ணைத் தொடுவதற்கு முன் குழாயடிக்குச் செல்லவும்; அது பத்தடியில் இருக்கிறது.